ஒரே சர்வர், இரண்டு முகவரி: போஸ்ட்ஃபிக்ஸா, எக்ஸிமா?

மொரிஷியஸில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. அதற்கு முந்தின வாரம் எங்கள் கோயில் சபையிலிருந்து உறுப்பினர் எல்லோருக்கும் ஒரே மூச்சில் அறிவிப்பு மெயில் போகும். ஒரு வருடம் அது போன கையோடு நன்கொடை ரசீதுகளும் ஸ்பேமில் போய் விழுந்தன. இரண்டும் ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் சர்வரை அடையாளம் காட்டும் எண்) கிளம்பியதுதான் வினை: அறிவிப்பால் வந்த கெட்ட பெயர் ரசீதுக்கும் ஒட்டிக்கொண்டது. ரசீது வரவில்லையே என்று பெரியவர்கள் கோயிலுக்கே வந்து கேட்டபோது மனசு கஷ்டமாகிவிட்டது. அறிவிப்புக்கு ஒரு முகவரி, ரசீதுக்கு ஒரு முகவரி என்று பிரித்தே ஆகவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். சர்வரிலிருந்து மெயில் அனுப்பும் மென்பொருள்கள் போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம் இரண்டிலும் இதற்கு வழி உண்டு.

ஆப்பிரிக்காவுக்கே முகவரி பங்கிடும் ஆஃப்ரினிக் நம் எபெனில்தான் இருக்கிறது. அதற்காக நமக்கு முகவரி சும்மா வந்துவிடாது. இரண்டாவது ஐபிவி4 (பழைய வகை ஐபி) முகவரிக்குத் தனி வாடகை. கட்டுகிற காசுக்கு அது ஒழுங்காக வேலை செய்யவேண்டும்.

ஃபயர்வாலில் நேட் போட்டு, அதாவது மெயில் வெளியே போகும் வழியில், முகவரியை மாற்றுவதை முதலிலேயே தள்ளிவிட்டேன். அனுப்புவது யார் என்று ஃபயர்வாலுக்குத் தெரியாது, மெயில் போகும் வாசலான போர்ட் 25 மட்டும்தான் அதன் கண்ணில் படும்.

போஸ்ட்ஃபிக்ஸில் சுலபமான வழி, மெயின்.சிஎஃப் என்ற அமைப்புக் கோப்பில், எந்த முகவரியிலிருந்து அனுப்புவது என்று சொல்லும் ‘எஸ்எம்டிபி பைண்ட் அட்ரஸ்’ என்ற ஒரு வரி. ஆனால் அது எல்லா மெயிலையும் ஒரே முகவரியில் தள்ளும். பிரிக்க வேண்டுமானால் மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் இரண்டாவது எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும்) சேவையை எழுதி, பைண்ட் முகவரியையும் ஹெலோ பெயரையும் (எதிர் சர்வரிடம் தன்னை அறிமுகம் செய்யும் பெயர்) அதற்கே கொடுக்கவேண்டும். எந்த அனுப்புநருக்கு எந்தச் சேவை என்பதை, 2.7 பதிப்பில் வந்த அனுப்புநர்வாரி டிரான்ஸ்போர்ட் அட்டவணை சொல்லும்.

இங்கே இரண்டு இடத்தில் கால் வழுக்கும். அந்த அட்டவணை பார்ப்பது, சர்வர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் மெயில் உறையில் உள்ள அனுப்புநரை. மெயிலைத் திறந்தால் தெரியும் ‘ஃப்ரம்’ வரியை அல்ல. குழுவுக்கு மெயில் அனுப்பும் மென்பொருள் உறையில் வேறு மெயில் முகவரி போட்டால், எழுதி வைத்த விதி பொருந்தாது. இன்னொன்று, பெறுநர் டொமைனுக்கு (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்), பொதுவான டிரான்ஸ்போர்ட் அட்டவணையில் ஏற்கெனவே வழி எழுதியிருந்தால், அதுதான் ஜெயிக்கும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. சர்வர் ரீபூட் ஆகி இரண்டாவது முகவரி எழும்பாமல் போனால், போஸ்ட்ஃபிக்ஸ் லாகில் ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டு, மெயிலை வழக்கமான முகவரியிலேயே அனுப்பிவிடும். பழைய கதைதான் திரும்ப. 3.7 பதிப்பிலிருந்து ‘எஸ்எம்டிபி பைண்ட் அட்ரஸ் என்ஃபோர்ஸ்’ இருக்கிறது. அதை ‘யெஸ்’ என்று வைத்தால், முகவரி கிடைக்கும்வரை மெயில் க்யூவில் (வரிசையில்) காத்திருக்கும். இதை விட்டுவிடாதீர்கள்.

எக்ஸிமில் இவ்வளவு எழுத்துவேலை இல்லை. மெயிலை வெளியே அனுப்பும் ஒரே டிரான்ஸ்போர்ட்டில் ‘இன்டர்ஃபேஸ்’ என்ற அமைப்பு. அதற்குள்ளேயே அனுப்புநர் டொமைனை ஒரு கோப்பில் தேடி முகவரியை எடுக்கச் சொல்லலாம். ஹெலோ பெயரையும், எந்த முகவரியில் போகிறதோ அதை வைத்தே தேர்ந்தெடுக்கலாம். புது டொமைன் வந்தால் கோப்பில் ஒரு வரி, அவ்வளவுதான். சிபேனல் (சர்வரை நிர்வகிக்கும் மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு இன்னும் லேசு: அதன் எக்ஸிம் ‘மெயில்ஐபிஸ்’ என்ற கோப்பைப் படிக்கிறது. பத்துப் பதினைந்து டொமைன் பார்ப்பவர் என்றால் எக்ஸிமுக்கே போங்கள் என்பேன். எங்களுக்கு இரண்டே முகவரி, ஏற்கெனவே போஸ்ட்ஃபிக்ஸ் ஓடுகிறது, அதனால் அங்கேயே இருந்துவிட்டேன்.

எதை எடுத்தாலும் புது முகவரிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ், அதாவது முகவரியைக் கேட்டால் பெயரைச் சொல்லும் பதிவு, வேண்டும். அந்தப் பெயர் திரும்ப அதே முகவரியைக் காட்டவேண்டும், ஹெலோவிலும் அதே பெயரை வைப்பது நல்லது. எந்த முகவரிகள் நம் டொமைன் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் இரண்டு முகவரியையும் சேர்க்கவேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதிலெல்லாம் கறாராக இருக்கிறது.

அப்புறம் ஐபிவி6, அதாவது புதிய வகை ஐபி முகவரி. நீங்கள் ஐபிவி4 முகவரியை மட்டும் கட்டிவைத்தால், ஐபிவி6 வழியாகப் போகும் மெயில் அதைக் கண்டுகொள்ளாமல் சர்வரின் பொது முகவரியில் போய்விடும். அறிவிப்புச் சேவையை நான் ஐபிவி4-க்கு மட்டும் என்று மாஸ்டர்.சிஎஃப்பில் கட்டியிருக்கிறேன்.