பெட்டி 37.6 காட்டியது, உள்ளே 24 முட்டையும் சூட்டில் போயின

வீட்டில் கோழிக்குஞ்சு பொரிக்க, வீடியோ விளம்பரம் பார்த்து இன்குபேட்டர் வாங்கப் போகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுக்குக் காங்கேயம் பக்கம். பத்துச் சிறுவிடை நாட்டுக்கோழி, ஒரு சேவல். 24 முட்டை வைக்கும் தெர்மாகோல் பெட்டி, 5,500 ரூபாய், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பொரியும் என்று விற்ற ஆள் உறுதியாகச் சொன்னார். ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, "பெட்டியோடயே வரும்ண்ணா" என்றார். பெட்டி மட்டும்தான் வந்தது.

உள்ளே இரண்டு பல்பு, ஒரு சின்ன ஃபேன். மேலே சிவப்பு எழுத்தில் 37.6 டிகிரி அசையாமல் நின்றது. கோழி முட்டைக்கு வேண்டிய சூடு அதுதான் என்பதால் வேறு எதையும் சோதிக்கவில்லை.

ஒரு வாரத்தில் சேர்ந்த 36 முட்டையில் 24 பெட்டிக்குப் போயின. மீதி 12 முட்டையை அம்மாயி தன் அடைக்கோழிக்கு வைத்தார். ஒரே கூடை முட்டை, ஒரே நாள்.

ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். கரு வளர்ந்திருந்தால் சிலந்திக் கால் மாதிரி நரம்பு ஓடும். 16 முட்டையில் நரம்பே இல்லை, சிவப்பாக ஒரு வளையம் மட்டும் முட்டை ஓட்டின் ஓரமாகத் தெரிந்தது. கரு உண்டாகி, சில நாளில் செத்தால்தான் அந்த ரத்த வளையம் விழும். கருவே இல்லாத கூமுட்டை என்றால் உள்ளே வெறும் வெளிச்சம்தான் தெரியும். ஆக, முட்டையில் குறை இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

போட்டோ அனுப்பினேன். "சேவலுக்கு வயசாயிருக்கும்ண்ணா, முட்டை சரியில்ல" என்று பதில் வந்தது. அதையும் நம்பி, சேவலை மாற்றலாமா என்றுகூட யோசித்தேன்.

பத்தொன்பதாம் நாளே ஒரே ஒரு குஞ்சு வெளியே வந்தது. தொப்புள் மூடவில்லை, கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து கிடந்தன. என் மகள் அதைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தாள். மறுநாள் மதியம் செத்துவிட்டது. மற்ற எதுவும் பொரியவில்லை. இருபத்தொன்றாம் நாள் அம்மாயியின் கூடையில் 12க்கு 10 குஞ்சு. "முட்டை மேல பழி போடாத சாமி, பொட்டியப் பாரு" என்றார்.

அப்புறம்தான் வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டைத் தட்டில் வைத்தேன். 103 ஃபாரன்ஹீட் காட்டியது. 37.6 டிகிரி செல்சியஸ் என்றால் அதில் 99.7தான் இருக்க வேண்டும். மூடியைத் திருப்பிப் பார்த்தால், சூட்டை அளக்கும் சென்சார் ஒயரைக் காற்றோட்டத் துளையின் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். வெளிக்காற்று பட்டு சென்சார் குளிர்ந்தே இருக்கும். அது 37.6 வருகிற வரை பல்பு எரியும். அதற்குள் தட்டில் இருக்கும் முட்டைக்குச் சூடு ஏறிவிடும்.

வீடியோ எடுத்து அனுப்பினேன். "நீங்க உள்ள கை வெச்சிட்டீங்க, வாரண்டி போச்சு" என்றார். அன்று மாலையே என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

வாங்குகிறவர்கள் பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். பெட்டி வந்ததும் முட்டை வைக்காமல் ஒரு முழு நாள் ஓட்டி, தட்டின் நாலு மூலையிலும் நடுவிலும் காய்ச்சல் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். பாதரசத் தெர்மாமீட்டர் என்றால் ஒவ்வொரு தடவையும் உதறி இறக்கிவிட்டு வைக்க வேண்டும். 99.5ஐ ஒட்டி இல்லையென்றால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். சென்சார் முட்டை மட்டத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும்தான். அதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. சென்சாரைத் தட்டுக்கு இறக்கிக் கட்டி, ஆறு முட்டை வைத்து இன்றோடு ஒன்பது நாள். ஐந்தில் நரம்பு ஓடுகிறது.