கச்சேரிப் பணத்துக்கு ஒரு தனிக் கணக்கு: ஐந்து வருட அனுபவம்

நான் கீபோர்டு வாசிப்பவன். மேடை நிகழ்ச்சி, ஸ்டூடியோ ரெக்கார்டிங், வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, நானே வெளியிட்ட சில பாடல்களின் ராயல்டி, இவைதான் வருமானம். ஐந்து வருடம் முன்பு வரை எல்லாம் வீட்டுச் செலவுக் கணக்கிலேயே வந்து விழும். வருடக் கடைசியில் ஸ்டேட்மெண்டை விரித்து வைத்து, எது கச்சேரிப் பணம், எது நண்பன் திருப்பித் தந்த கடன் என்று பென்சிலால் டிக் அடிப்பேன். அப்படி உட்கார்ந்த ஒரு நாள், வரி கட்ட வேண்டிய பணம் கணக்கில் இல்லை என்று தெரிந்தது. அது புது கீபோர்டாக மாறிப் பக்கத்து அறையில் நின்றுகொண்டிருந்தது.

அதற்கப்புறம்தான் தொழிலுக்கென்று தனிக் கணக்கு திறந்தேன். கிளை இல்லாத, செயலியில் மட்டும் இயங்கும் வங்கி. அதைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம், ஒரு கணக்குக்குள்ளேயே பணத்தைப் பிரித்துப் போட்டு வைக்கலாம் என்பதுதான். செயலி அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது, நான் உண்டியல் என்றே சொல்கிறேன்.

எந்தப் பணம் வந்தாலும் அன்றே 30 சதவீதம் வரி உண்டியலுக்கு, 10 சதவீதம் வாத்திய உண்டியலுக்கு. மிச்சத்திலிருந்து மாதம் 1ஆம் தேதி ஒரே தொகை வீட்டுக் கணக்குக்குப் போகும், சம்பளம் மாதிரி. முதல் வருடம் அந்தச் சம்பளத்தை நிகழ்ச்சிகள் குவிந்த மாதங்களைப் பார்த்து நிர்ணயித்தேன். நான்காவது மாதமே கணக்கு வறண்டது. இப்போது கடந்த வருடத்தில் மிகக் குறைவாகச் சம்பாதித்த மூன்று மாதங்களின் சராசரிதான் என் சம்பளம். வரிக்குத் தொடக்கத்தில் ஒதுக்கிய 30 சதவீதமும் எனக்கு அதிகமாகவே இருந்தது. போன வருடம் கட்டிய வரியை, மொத்த வரவால் வகுத்துப் பார்த்து, கொஞ்சம் கூட்டி 22 என்று வைத்தேன். உங்களுக்கு வேறு எண் வரும்.

மூன்றாவது உண்டியலை ஒரு அடி வாங்கிய பிறகு திறந்தேன். ஐந்து மாதம் கழித்து நடக்க வேண்டிய கச்சேரிக்கு அட்வான்ஸ் வந்தது, செலவானது, கச்சேரி ரத்தானது. பாதியைத் திருப்பிக் கொடுக்கக் கடன் வாங்கினேன். இப்போது வாசித்து முடிக்கும்வரை அட்வான்ஸைத் தொடுவதில்லை. எங்கள் தொழிலில் பணம் ஒரு மாதம் வரும், அதற்கான வேலை வேறு மாதம் நடக்கும். ஸ்ட்ரீமிங் பணம், பாடலைக் கேட்டவர்கள் கேட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து வருகிறது. பாடல்களின் உரிமைத் தொகையை வசூலித்துப் பிரித்துத் தரும் உரிமைச் சங்கங்கள் தருவது இன்னும் தாமதம். இதை எந்த வங்கியாலும் சரிசெய்ய முடியாது, உண்டியலில் பிரித்து வைத்தால் குழப்பமாவது குறையும்.

குழுவை நானே ஒருங்கிணைக்கும் நாட்களில் இன்னொரு சிக்கல். ஐந்து பேருக்கான தொகை முழுவதும் என் கணக்கில் வரும், நால்வருக்கு அன்றிரவே அனுப்பிவிடுவேன். ஆனால் ஸ்டேட்மெண்டைப் பார்ப்பவருக்கு அத்தனையும் என் வருமானம். அதனால் வாசித்தவர்களிடம் பில் வாங்காமல் பணம் அனுப்புவதில்லை. டிரம்மர் இதற்காக என்னை இன்றும் கிண்டல் செய்கிறார்.

வெளிநாட்டுப் பணம் தனிக் கதை. என் பாடல்களை விநியோகிப்பது ஒரு அமெரிக்க நிறுவனம். அந்நாட்டில் ஈட்டிய ராயல்டிக்கு, வெளிநாட்டவரிடம் பொதுவாக 30 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அமெரிக்காவோடு வரி ஒப்பந்தம் உள்ள நாட்டவர், தாம் வெளிநாட்டவர் என்று உறுதிசெய்யும் டபிள்யூ-8பென் (W-8BEN) படிவம் கொடுத்தால் குறையும். கையெழுத்திட்ட வருடத்துக்கு அடுத்த மூன்றாவது வருடக் கடைசியில் அது காலாவதியாகிவிடும். நான் 2021இல் கொடுத்தது 2024 டிசம்பரோடு முடிந்தது. 2025 தொடக்கத்தில் பிடித்தம் எகிறியபோதுதான் விழித்தேன். காலண்டரில் போட்டு வையுங்கள்.

செயலியில் பிடிக்காததும் உண்டு. கீபோர்டு ஸ்டாண்டும் கேபிளும் வாங்கினால் அதுவாகவே "பொழுதுபோக்கு" என்று வகைப்படுத்துகிறது. மாற்றினாலும் அடுத்த முறை மறந்துவிடும். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த சற்றுப் பெரிய தொகையை ஒன்பது நாள் நிறுத்திவைத்து, எதற்கான பணம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒப்பந்த நகலை அனுப்பிய பிறகுதான் விட்டார்கள். ரொக்கமாக வரும் பணத்தைப் போட வழியே இல்லை, பழைய வங்கிக்குப் போய் அங்கிருந்து மாற்ற வேண்டியிருக்கிறது. கட்டணத் திட்டத்தை ஒரு வருடம் வைத்துப் பார்த்தேன், வரைபடங்கள் அழகாக இருந்தன, அவ்வளவுதான். இலவசத் திட்டத்துக்கே திரும்பிவிட்டேன்.

ஆனால் பில் அனுப்பும் வசதிக்காக எல்லாவற்றையும் மன்னிப்பேன். பணம் கேட்க எனக்குக் கூச்சம். வாசித்து இரண்டு மாதமாகியும் "சரி, அவங்களே தருவாங்க" என்று இருந்துவிடுவேன். இப்போது 14ஆம் நாள் செயலியே நினைவூட்டுகிறது, 21ஆம் நாள் மறுபடியும். அந்த மின்னஞ்சலில் கையெழுத்து என்னுடையதுதான், ஆனாலும் கேட்டது நானில்லை என்றே தோன்றுகிறது.

வகுப்புக் கட்டணம் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. மாணவர்களின் பெற்றோர் போனில் என் பழைய வீட்டுக் கணக்கு எண்தான் பதிந்து கிடக்கிறது. புது எண்ணை மூன்று முறை அனுப்பிவிட்டேன். மாதாமாதம் நானே எடுத்து மாற்றிப் போடுகிறேன்.