கைத்தையலா, தையல் இயந்திரமா: குழந்தைகள் உள்ள வீட்டில் துண்டுத்துணிப் போர்வை

சிறு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே துண்டுத்துணிப் போர்வை தைக்க விரும்புவோர் முதலில் எண்ண வேண்டியது வேகத்தை அன்று. வேலையை எத்தனை முறை பாதியில் விட்டு எழ வேண்டியிருக்கும் என்பதையே. 36 அங்குலச் சதுரப் போர்வைக்கு, தைத்தபின் 6 அங்குலம் நிற்கும் சதுரங்கள் 36 தேவை. நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போவதால், ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும்.

இயந்திரத்தில் இவற்றை ஒரே நாளில் இணைத்துவிடலாம். அடிக்கடி துவைத்தாலும் தையல் தாங்கும். ஆனால் நூல் கோத்து, அடிநூல் சுற்றிய சிறு உருளையான பாபினைப் பொருத்தி முடிப்பதற்குள் உறங்கிய குழந்தை விழித்துக்கொள்ளும். தரையிலுள்ள மிதியைக் கண்ட தவழும் குழந்தை அதை அழுத்திப் பார்க்காமல் விடாது என்பதால், எழும்போதெல்லாம் மின் இணைப்பைத் துண்டிக்கவும் வேண்டும்.

கைத்தையலுக்கு மூடியுள்ள ஒரு டப்பா போதும். நான்கைந்து ஓட்டுத்தையலுக்கு ஒருமுறை ஊசியைப் பின்வாங்கி ஒரு தையல் போட்டுவந்தால், அழுகுரல் கேட்டு அப்படியே வைத்துவிட்டுப் போனாலும் எளிதில் பிரியாது. வாரக்கணக்கில் நீளும் என்பது உண்மைதான். ஊசிகளையும் குண்டூசிகளையும் எண்ணி வைக்காவிட்டால் ஆபத்தும் உண்டு.

என் தேர்வு, துண்டுகளை இணைக்கக் கைத்தையல்; அதிகம் தேயும் விளிம்புப் பட்டைக்கு மட்டும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் இருக்கும் நாளில், இயந்திரம்.