ஸ்ட்ரைடர் 12 ஸ்போர்ட்: குழந்தையின் முதல் சைக்கிள், பெடல் இல்லாமல்

சின்னக் குழந்தைக்குச் சைக்கிள் என்றால் கடையில் பெரும்பாலும் சைடு வீல் வைத்த வண்டியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அதில் பெடல் மிதிக்கப் பழகலாம், பேலன்ஸ் வராது. திரும்பும்போது சைக்கிள் உள்பக்கம் சாய வேண்டும். சைடு வீல் அதற்கு இடம் கொடுக்காததால் குழந்தையின் உடம்பு வெளிப்பக்கம் தள்ளுகிறது. அந்தப் பழக்கத்தோடு சைடு வீலைக் கழற்றினால் முதல் திருப்பத்திலேயே விழும்.

ஸ்ட்ரைடரில் பெடலும் இல்லை, செயினும் இல்லை. காலால் தரையை உந்தித்தான் ஓட்ட வேண்டும். 1817-இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் ஓட்டிய இருசக்கர வண்டியும் இப்படித்தான் ஓடியது. ஸ்ட்ரைடரின் எடை சுமார் 3 கிலோ என்பதால் கீழே விழுந்தாலும் குழந்தையே வண்டியை நிமிர்த்திவிடும். இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் வாங்கினால் கொடுத்த காசுக்கு முழுப் பயன் உண்டு.

சீட்டை 28 முதல் 48 செ.மீ. வரை ஏற்றி இறக்கலாம், ஸ்பேனர் தேவையில்லை. பெரும்பாலானோர் தவறுவது இந்த உயரத்தில்தான். ஷூ போட்ட குழந்தையைச் சுவரோரம் நிறுத்தி, தொடை இடுக்கிலிருந்து தரை வரை அளந்து, அதில் 2-3 செ.மீ. குறைத்து வையுங்கள். உட்கார்ந்தால் இரு பாதமும் முழுதாகத் தரையில் படிந்து, முட்டி லேசாக மடங்க வேண்டும். நுனிக்காலில் நிற்கிற குழந்தையால் உந்தவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

முதலில் குழந்தை சீட்டில் உட்காராமல் வண்டியை நடத்திக்கொண்டே போகும். விட்டுவிடுங்கள். ஹேண்டில்பாரை நீங்கள் பிடித்தால் பேலன்ஸ் உங்கள் கையில் போய்விடும். முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் வண்டி தள்ளாடும், தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரிய குறை, பிரேக் இல்லாதது. கால்தான் பிரேக். ஆகவே சரிவான தெருவும் அபார்ட்மென்ட் பார்க்கிங் சரிவும் கூடவே கூடாது. விரல் மூடிய ஷூ கட்டாயம். ஃபோம் டயர் என்பதால் கருவேல முள் குத்தினாலும் பஞ்சர் இல்லை, ஆனால் மேடுபள்ளத்தில் குலுக்கும், ஈரமான டைல்ஸில் வழுக்கும்.

ஹெல்மெட் தனியாக வாங்க வேண்டும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் நுழையும் இறுக்கம். சறுக்குமரம் ஏறும் முன் கழற்றிவிடுங்கள், பட்டை மாட்டிக்கொண்டு கழுத்தை இறுக்கலாம்.

நான்கு வயது தாண்டியிருந்தால் இதை வாங்க வேண்டாம். வீட்டிலுள்ள 16 இன்ச் சைக்கிளிலேயே சைடு வீலையும் பெடலையும் கழற்றி, பாதம் படியும்வரை சீட்டை இறக்கினால் போதும். அப்படியும் பாதம் படியாவிட்டால் அந்த வண்டி இன்னும் பெரிது. பெடலுக்குப் பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனர் சேரும். வலது பெடல் வழக்கம்போல் இடஞ்சுழியாகக் கழலும், இடது பெடலை வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். காலைத் தூக்கியபடியே வளைந்து திரும்பவும் குழந்தைக்கு வந்துவிட்டால் பெடலை மறுபடி மாட்டலாம். அச்சில் உள்ள எல், ஆர் எழுத்துகளைப் பார்த்து மாட்டுங்கள். மாற்றி முறுக்கினால் கிராங்கின் (பெடல் மாட்டும் தண்டின்) மரை போய்விடும்.