வான் ஏசிக்குக் காஸ் அடிக்கக் கொடுப்பவர்கள் கவனம்: என் வானுக்குள் இருந்தது சமையல் காஸ்

மூன்று மாதத்துக்குள் ஒரே இடத்தில் 116,500 ரூபா கொடுத்தேன். அந்தக் காசுக்கு எனக்குக் கிடைத்தது, கைக்குழந்தைகளும் வயதானவர்களும் ஏறி இறங்கும் வானுக்குள் சமையல் காஸ். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது தன் வழியில் நடக்கட்டும். ஆனால் யாழ்ப்பாணத்தில் இப்படி வேலை செய்கிற இடம் அது ஒன்றுதான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் நடந்ததை விபரமாக எழுதுகிறேன். ஹயர் ஓடுகிறவர்கள் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள்.

என்னுடையது பழைய டொல்பின் வான். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு கூலிங் கொயில். பின் கொயிலுக்குப் போகும் அலுமினியப் பைப்புகள் தரைக்கு அடியால் ஓடுகின்றன. கொழும்புக்கும் கட்டுநாயக்காவுக்கும்தான் என் ஓட்டம். பின்பக்கக் கண்ணாடிகள் திறக்காது. ஏசி இல்லாவிட்டால் அந்த வானில் ஆள் ஏற்ற முடியாது என்பதுதான் உண்மை.

சித்திரை வெயிலில் கூலிங் குறையத் தொடங்கியது. ரவுண் பக்கம் ஒரு ஏசி வேலைத்தலத்துக்குக் கொண்டுபோனேன். நின்றவர் அழுத்தம் பார்க்கும் கேஜைக் கூடக் கொழுவிப் பார்க்கவில்லை. "காஸ் முடிஞ்சு போச்சு அண்ணை, அடிச்சாச் சரி" என்றார். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. 14,000 ரூபா. வான் குளிர்ந்தது, எனக்கும் சந்தோஷம். ஐந்து கிழமையில் திரும்பவும் சூடு. மறுபடி போனேன். மறுபடி காஸ், அதோடு "ஓயிலும் குறைஞ்சிருக்கு" என்று சேர்த்து 17,500. அது மூன்று கிழமைகூடத் தாங்கவில்லை. மூன்றாம் முறை போனபோது முகத்தைச் சுழித்துக்கொண்டு சொன்னார்: "கொம்பிரசர் போட்டுது அண்ணை. இனி காஸ் அடிச்சு வேலை இல்லை." ரீகண்டிசன் கொம்பிரசர் ஒன்று 85,000, ஆறு மாதம் வாரண்டி என்றார். வாய் வார்த்தைதான். பில் கேட்டேன். நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் 'ஏசி வேலை 85' என்று எழுதித் தந்தார். நானும் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏசி காஸ் டீசல் மாதிரி எரிந்து முடிகிற பொருள் இல்லை. கொம்பிரசர் அதை அழுத்தும், முன்னால் உள்ள கொண்டென்சரில் அது சூட்டை விட்டுத் திரவமாகும், எக்ஸ்பான்சன் வால்வைத் தாண்டியதும் கூலிங் கொயிலுக்குள் ஆவியாகிக் குளிரைத் தரும், திரும்பவும் கொம்பிரசருக்கு வரும். அதே காஸ்தான் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது வேறு கதை. ஐந்து கிழமையில் முடிந்துவிட்டது என்றால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. ஒழுக்கைத் தேடாமல் திரும்பத் திரும்பக் காஸ் அடிப்பவர், ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் காசு வாங்குகிறார். இந்தச் சின்ன விஷயம் அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

நல்லூர்க் கொடியேற்றத்துக்குக் கனடாவிலிருந்து மனைவியின் தம்பி குடும்பத்தோடு வந்தார். அவருக்கு அங்கே ஹெலிகொப்டர் பராமரிக்கும் வேலை. கதவு, இருக்கை, ஏசி என்று கபின் பக்க வேலைகள்தான் அதிகம் செய்கிறார். அவர்களை ஏற்ற நானே கட்டுநாயக்காவுக்குப் போனேன். இரவில் வரும்வரை பிரச்சினை தெரியவில்லை. வவுனியா தாண்டி வெயில் ஏறியதும் பின் கொயிலில் இருந்து சுடுகாற்று வந்தது. மாங்குளத்தில் முன்னுக்கும் நின்றுவிட்டது. பின்னால் எட்டு மாதக் குழந்தை. முறிகண்டியில் நிறுத்தினேன். எல்லோரும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கினார்கள். குழந்தையைத் தூக்கிய தாய் அதன் சட்டையைக் கழற்றினார். கழுத்தும் முதுகும் செக்கச் சிவந்து கிடந்தன. கச்சான் விற்கிற அம்மா ஒருவர் ஈரத்துணி தந்தார். அந்த முதுகு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மச்சான் எதுவும் பேசாமல் முன் இருக்கையைத் தூக்கிவிட்டு எஞ்சினைப் பார்த்தார். கொம்பிரசர் கிளச் இரண்டு மூன்று செக்கனுக்கு ஒருமுறை 'டக்' என்று பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது. "அத்தான், காஸ் இல்லாமல்தான் இது இப்படிக் கத்துது. எப்ப அடிச்சனீங்கள்?" என்று கேட்டார். பத்தொன்பது நாளுக்கு முதல், புதுக் கொம்பிரசரோடு என்றேன். அவர் பிறகு வீடு வரும்வரை கதைக்கவில்லை.

அடுத்த நாள் காலை, பக்கத்து வீட்டில் பிரிட்ஜ் திருத்துகிற பெடியனிடம் கேஜ் வாங்கி வந்து கொழுவினார். எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டுமாம். என் வான் ஏசிக்கு அடிக்க வேண்டிய ஆர் 134ஏ என்ற காஸ் சுத்தமாக, உள்ளே திரவமாக இருந்தால், 30 பாகை வெப்பத்தில் கேஜின் இரண்டு முள்ளும் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ அழுத்தம் காட்ட வேண்டும். அதைவிடக் கூடக் காட்டினால் காற்றோ வேறு காஸோ கலந்திருக்கிறது. நன்றாகக் குறைந்தால் உள்ளே திரவமே இல்லை, அல்லது இருப்பது வேறு காஸ். எனது வான் 60க்குக் கீழே நின்றது. உடனே சவர்க்காரத் தண்ணீர் கரைத்து, தூரிகையால் ஒவ்வொரு மூட்டாகப் பூசிக்கொண்டு வந்தார். முன்பக்கம் ஒன்றும் இல்லை. வானுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பின் பைப்பைப் பார்த்தார். பின் சில்லுக்கு முன்னால் பைப்பை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளிப் ஒன்று. அதன் ஓரத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்திருந்தது. எங்கள் பக்க உப்புக் காற்றும் கிளிப்பின் உரசலும் சேர்ந்து அரித்த இடம். அந்த வெள்ளைக்குள்ளிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் ஒன்றின் பின் ஒன்றாக வந்தன. கடுகளவு குமிழிகள். மூன்று முறை என்னிடம் காசு வாங்கியவர் ஒருமுறை குனிந்து பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

மச்சான் முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். சட்டென்று வெளியே உருண்டு வந்தார். "அத்தான், ஒருத்தரும் கிட்ட வராதேங்கோ. குசினிக் காஸ் மணக்குது." மாமா சுருட்டோடு படலையடியில் நின்றார். "மாமா, அதை அணைச்சுப்போட்டு அங்காலை போங்கோ" என்று கத்தினேன். எனக்குக் கை நடுங்கியது. குனிந்தேன். அதே மணம். வீட்டில் அடுப்பு ஒழுகினால் வருமே, அதே மணம். ஆர் 134ஏ காஸில் அந்த மணம் வராது. ஒழுக்குத் தெரியட்டும் என்றுதான் சமையல் காஸில் மணத்தைக் கலக்கிறார்கள்.

சமையல் காஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும். குளிரைத் தரும், அது உண்மை. வீட்டுப் புதுப் பிரிட்ஜ்களில் ஐசோபியூட்டேன் இருக்கிறது, ஆனால் அவை அதற்காகவே செய்யப்பட்டவை, சில பத்துக் கிராம் அளவில்தான் உள்ளே இருக்கும். வான் ஏசி அப்படி இல்லை. கூலிங் கொயில் ஆட்கள் இருக்கிற அறைக்குள் இருக்கிறது. அந்தக் கொயில் ஒழுகினால் காஸ் நேரே உள்ளே வரும். காற்றைவிடக் கனமானதால் தரையோடு படியும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே தீப்பிடிக்கப் போதும். எனக்கு ஒழுக்கு வானுக்கு வெளியே, தரைக்கு அடியில் இருந்தது. அதே ஒழுக்கு பின் கொயிலில் இருந்து, முறிகண்டியில் யாராவது உள்ளே இருந்தபடி ஒரு சிகரெட் பற்றவைத்திருந்தால்? இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

மச்சான் இன்னொன்றும் சொன்னார். 2011இல் வியட்நாமில் குளிர்க் கொள்கலன்களின் ஏசி வெடித்து ஆட்கள் செத்தார்கள். ஆர் 134ஏ என்று சொல்லி அடித்த காஸில் மெதைல் குளோரைட் கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கிற பொருளாக மாறிவிட்டது. கள்ளக் காஸ் உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம்.

ஹெலிகொப்டரில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அங்கேயும் இதே ஆர் 134ஏ காஸ்தான், இதே கொம்பிரசர், கொண்டென்சர், கொயில்தான். சில சிறிய ஹெலிகொப்டர்களில் கொம்பிரசரை எஞ்சின்தான் சுற்றும். முழு வலுவும் எஞ்சினுக்குத் தேவைப்படும் நேரத்தில் அது தானாகவே விலகிக்கொள்ளும். புதிதாக ஏசி பூட்டினால் அதன் நிறையைக்கூடக் கணக்கில் ஏற்ற வேண்டும், ஏனென்றால் பாரமும் சமநிலையும் மாறும். போடும் பாகத்துக்குச் சான்றிதழ் இருக்க வேண்டும். மூட்டு ஒன்றைக் கழற்றினால் புது ஓ ரிங், அதாவது ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம். பிறகு நைதரசன் ஏற்றி ஒழுக்குப் பார்ப்பது, வக்யூம் போடுவது, காஸைத் தராசில் நிறுத்து அடிப்பது. கடைசியில் உரிமம் உள்ளவர் கையெழுத்து வைத்தால்தான் அது பறக்கும். "காஸ் குறைஞ்சிருந்தால் முதலில் ஏன் குறைஞ்சது எண்டு எழுத வேணும் அத்தான். எழுதாமல் அடிச்சால் என்ரை வேலை போயிடும்" என்றார். வானில் ஏறுகிறவர்களும் மனிதர்கள்தானே. கையெழுத்து வேண்டாம், தராசும் வக்யூம் பம்பும் போதும் என்றுதான் நான் கேட்கிறேன்.

வக்யூம் என்று சொன்னதும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் கொம்பிரசர் மாற்றிய அன்று, பைப்பைத் தளர்த்திவிட்டுக் கொஞ்சம் காஸைத் திறந்து 'சூ' என்று விட்டார். "காத்தைத் தள்ளிட்டம் அண்ணை" என்றார். அது வக்யூம் இல்லை. பம்ப் போட்டு உள்ளே அழுத்தத்தை நன்றாகக் குறைத்தால், 30 பாகை வெப்பத்திலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகி வெளியே போய்விடும். அதற்காகத்தான் அரை மணித்தியாலமாவது பம்ப் ஓட வேண்டும். ஈரம் உள்ளே நின்றால் எக்ஸ்பான்சன் வால்வில் உறைந்து, கொஞ்ச நேரம் குளிர், கொஞ்ச நேரம் சூடு என்று விளையாடும். நாள் போகப் போக ஓயிலோடும் காஸோடும் சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும்.

மச்சானோடு சேர்ந்து வானை வெளியான இடத்தில் நிறுத்தி காஸை முழுதாக விட்டோம். பிறகு வேறொரு வேலைத்தலத்தில் அந்த 85,000 ரூபாக் கொம்பிரசரைக் கழற்றினார்கள். ஓயிலை வெள்ளைக் கோப்பையில் ஊற்றிக் காட்டினார்கள். ஆறின பிளேன்ரீ நிறத்தில் இருந்தது. கோப்பையைச் சரித்தபோது அடியில் அலுமினியத் தூள் மினுங்கியது. வெளியே புதுக் கறுப்புப் பெயின்ற், போல்ற் தலைகளுக்கு மேலேயும் அதே பெயின்ற். என் பழைய கொம்பிரசரை அன்று அவர்கள் "பழசு உங்களுக்கு எதுக்கு" என்று வைத்துக்கொண்டார்கள். அதில் ஒரு பிழையும் இருந்திருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன். பின் பைப், ஈரத்தை உறிஞ்சும் றிசீவர் ட்ரையர், வால்வ், வேறு கொம்பிரசர், உள்ளே கழுவியது, முக்கால் மணித்தியால வக்யூம், என் கண் முன்னால் தராசில் நிறுத்து அடித்த காஸ் எல்லாம் சேர்த்து 138,000 போனது. அவர்கள் கேட்காமலே பில் எழுதித் தந்தார்கள்.

முதல் இடத்துக்குப் போய்க் கேட்டேன். "பில் இருக்கோ?" என்றார் அதே மனிதர். நாட்காட்டித் தாளைக் காட்டினேன். "இதிலை எங்கட பேர் எங்கை இருக்கு? நீங்கள் வேறை எங்கையோ காஸ் அடிச்சிட்டு வந்து நிக்கிறியள்" என்றார். சத்தம் போட்டுப் பயனில்லை என்று திரும்பிவிட்டேன்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நாள் தள்ளிப் போடாதீர்கள். அவசரத்துக்கு 1977 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. நான் கேட்டேன், ஆனால் வற்புறுத்தவில்லை. நீங்கள் வற்புறுத்துங்கள். கடையின் பெயர், திகதி, வாகன இலக்கம், எந்தக் காஸ், எத்தனை கிராம், எல்லாம் அதில் வேண்டும். எத்தனை கிராம் என்பது வாகனத்தின் ஏசி லேபலிலேயே இருக்கும், போக முதல் போனில் படம் எடுத்து வையுங்கள். சிலிண்டரைக் காட்டச் சொல்லுங்கள். "ஒழுக்கு எங்கே?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சாவியை எடுத்துக்கொண்டு வாருங்கள். கழற்றிய சாமானை விட்டுவிட்டு வராதீர்கள்.

ஏற்கெனவே அடித்தாகிவிட்டது, சந்தேகமாக இருக்கிறது என்றால், வானுக்குள் அந்த மணம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஏசியைப் போடாமல், கதவுகளைத் திறந்துவிட்டு, நெருப்பில்லாத வெளியான இடத்தில் நிறுத்துங்கள். தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து காஸை வெளியேற்றும்வரை பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

அந்தக் கறுப்புக் கொம்பிரசரும், அரித்த பைப் துண்டும், நாட்காட்டித் தாளும் என் வீட்டு விறாந்தையில் ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. விசாரணைக்குக் கூப்பிடும் நாளில் பெட்டியோடு போவேன்.