மினுக்குத் தூளும் ஒளிபுகும் தாளும்: மட்டக்களப்பில் பல ஆண்டுகளாக வாழ்த்து மடல் செய்துவரும் அனுபவம்

மினுக்குத் தூளை ஒளிபுகும் தாளின் முன்பக்கத்தில் ஒட்டாமல் பின்பக்கத்தில் ஒட்டுங்கள். வீட்டிலிருந்தபடியே பல ஆண்டுகளாகக் கையால் வாழ்த்து மடல்கள் செய்துவருபவள் என்ற முறையில், இந்தக் கைவேலையைத் தொடங்க விரும்புவோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பிரிஸ்டல் போர்ட் என்னும் தடித்த மட்டையின் மேல் பசை பூசித் தூவிய மினுக்குத் தூள், அதாவது கிளிற்றர், செய்த அன்றைக்குக் கண்ணைப் பறிக்கும். ஆனால் மடல் உரியவரின் கைக்குப் போய்ச் சேரும்போது அதில் ஒரு பங்கு உறைக்குள்ளும் மற்றொரு பங்கு அவருடைய விரல்களிலும் உடையிலும் உதிர்ந்திருக்கும். அதே தூளைத் தெளிந்த பிளாஸ்டிக் தாளின் பின்புறம் ஒட்டி, அதற்கும் பின்னால் ஒரு மட்டையை வைத்து மூடிவிட்டால், தாளின் வழவழப்பான முகம் வெளியே நின்று தூளைக் காக்கிறது. தூளின் மினுக்கமும் அதனால் குறைவதில்லை.

இதற்கு ஏற்ற தாளைத் தேர்வது எளிதன்று. மேல்நாட்டுக் கைவேலை நூல்கள் 'அசற்றேற்று' என்று எழுதினாலும், இப்போது அந்தப் பெயரில் விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை உண்மையான செலுலோசு அசற்றேற்று அல்ல. கோட்டைமுனையிலும் கல்முனையிலும் உள்ள புத்தகக் கடைகளில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று. ஒன்று, மேல்தலை எறியியில் (ஓவர்ஹெட் புறொஜெக்டர்) வைத்துக் காட்டுவதற்கென்று முன்பு பாடசாலைகள் வாங்கிய ஓஎச்பி தாள். இது பொலியெஸ்ரரால் ஆனது, ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் தடிப்புடையது. மற்றொன்று, பைண்டிங் செய்யும்போது முன்னட்டையாக வைக்கும் பிவிசி தாள். இது சற்றுத் தடிப்பானது, வளைத்தால் மென்மையாக வளையும். இன்னொன்று கோப்புறைகளிலும் கிளியர் புத்தகங்களிலும் வரும் பொலிப்புறொப்பிலீன் தாள். மூன்றையும் நீண்ட காலம் பயன்படுத்திய பின்னர் ஓஎச்பி தாளை மட்டுமே வைத்துக்கொண்டேன். பொலிப்புறொப்பிலீனில் சாதாரணப் பசைகள் நிலைப்பதில்லை. காய்ந்த பின்பு விளிம்பில் நகத்தை வைத்தால் முழுதாக உரிந்து வந்துவிடும். பிவிசியின் குறை உடனே தெரிவதில்லை. லேசர் அச்சில் எடுத்த வாழ்த்து வரிகளின் மேல் அது சில மாதங்கள் அழுந்தியிருந்தால் அச்சு மையை மெல்லத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும்; பிரித்துப் பார்க்கும்போது எழுத்துகள் தாளில் பாதியும் பிளாஸ்டிக்கில் பாதியுமாக நிற்கும். பிவிசியை மென்மையாக்குவதற்குச் சேர்க்கப்படும் பொருள் மையை இளக்குவதே இதற்குக் காரணம்.

கையிலுள்ள தாள் எதுவென்று தெரியாதபோது, அசற்றோன் கலந்த நகப்பூச்சு நீக்கியை ஒரு மூலையில் ஒரு துளி வைத்துப் பார்க்கலாம். செலுலோசு அசற்றேற்று உடனே பிசுபிசுக்கும். பிவிசி மங்கி இளகும். பொலியெஸ்ரர் அப்படியே இருக்கும். பழைய திரைப்படச் சுருள்களைப் போன்று உண்மையான அசற்றேற்று நீண்ட காலத்தில் வினாகிரி மணத்தோடு சிதையக்கூடியது என்பதையும் கருதினால், அது கிடைக்கவில்லை என்று வருந்தத் தேவையில்லை.

ஓஎச்பி தாளிலும் இரு வகை உண்டு. கடைக்காரர், "புள்ள, லேசருக்கா இன்க்ஜெட்டுக்கா?" என்று கேட்டால் தயங்காமல் லேசருக்கு என்று சொல்லுங்கள். இன்க்ஜெட் தாளின் ஒரு பக்கத்தில் மையை உறிஞ்சும் பூச்சு ஒன்று இருக்கும்; விரலால் தடவினால் சொரசொரப்பாகத் தெரியும். அந்தப் பூச்சு ஈரத்தையும் உறிஞ்சுவதால் மாரி காலத்தில் மங்கலாகி ஒட்டத் தொடங்கிவிடும். லேசர் தாள் அச்சுப்பொறியின் சூட்டைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. ஆகவே சூடேற்றி எழுத்துகளைப் புடைப்பிக்கும் தூள்களைப் பயன்படுத்துவோருக்கும் அதுவே பொருத்தமானது. ஓர் ஏ4 தாளை நான்காக வெட்டினால் ஏ6 அளவில் நான்கு மடல்களுக்குரிய முகப்புகள் கிடைத்துவிடும்.

இனி ஒட்டும் முறைக்கு வருகிறேன். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியங்களில் செய்வதுபோல இங்கும் வேலை முன்னாலிருந்து பின்னோக்கி நடக்கிறது. கண்ணுக்கு முன்னே தெரியவேண்டிய மெல்லிய கோடுகளை முதலில் வரைந்து, அவற்றுக்குப் பின்னால் வரவேண்டிய நிறங்களை அடுத்து இட்டு, பின்னணியைக் கடைசியில் நிரப்பவேண்டும். எழுத்துகளைப் பின்பக்கத்தில் இடவலம் மாற்றி எழுதவேண்டியிருப்பதால் நம் எழுத்துகளின் சுழிகள் கையைத் தடுமாறச் செய்யும். வாழ்த்தை முதலில் சாதாரண தாளில் நன்றாக எழுதி, அதைத் திருப்பி யன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சத்தில் தெரியும் கோடுகளின் மேல் தெளிந்த தாளை வைத்து நிரந்தர மையால் வரைந்தால் போதும். அதற்கு முன்பு தாளைச் சத்திரசிகிச்சை ஸ்பிரிட்டால் துடைத்து விரல் எண்ணெயை நீக்கிவிடுங்கள். வரைந்த பின்பு துடைத்தால் மையும் சேர்ந்து போய்விடும்.

பசைகளைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. வெள்ளைப் பசை நீரை இழந்து காய்வது. மட்டையைப் போல ஈரத்தை உறிஞ்சும் பரப்பில் அது நன்றாகப் பிடிக்கும். பொலியெஸ்ரரில் ஊடுருவ வழியில்லாததால் காய்ந்த பின்பு தூளோடு சேர்ந்து ஒரு தோலாக நின்று, மடலை வளைக்கும்போது உரிந்துவிடும். சுப்பர் குளூ பிடிக்கும், ஆயினும் அதிலிருந்து எழும் ஆவி தாளில் வெண்படலமாகப் படிகிறது. காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் இந்த வெண்மை இன்னும் கூடும். நான் நம்பிப் பயன்படுத்துவது தெளிவான அக்கிரிலிக் பசையுள்ள இரட்டைப் பக்க ஒட்டுநாடா ஒன்றையே. வேண்டிய வடிவத்தில் அதை வெட்டிப் பின்பக்கத்தில் ஒட்டி, காற்றுக் குமிழ் எதுவும் நிற்காதபடி கரண்டியின் முதுகால் அழுத்தி, மேல்தாளை உரித்துத் தூளைத் தூவி, விரலால் வட்டமாகத் தேய்த்தால் தூள்கள் தட்டையாகப் படுத்து, முன்பக்கத்தில் ஒரே பரப்பாக ஒளிரும். மலிவான ஒட்டுநாடாக்கள் பலவற்றில் இருப்பது இறப்பர் பசை. அது காலப்போக்கில் மஞ்சளாகிறது. வெள்ளி நிறத் தூளின் முன்னால் அந்த மஞ்சள் மறைக்க முடியாதபடி தெரியும்.

மட்டக்களப்பின் பருவங்களைக் கணக்கிலெடுக்காமல் இந்த வேலையைச் செய்யமுடியாது. வெளியூர்களில் எழுதப்பட்ட செய்முறைக் குறிப்புகள் நமக்கு முழுமையாகப் பயன்படாததற்கு இதுவே காரணம் என்று எண்ணுகிறேன். ஆண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டைக் கடந்து உலர்ந்து வரும் கச்சான் காற்று வீசும்போது, பிளாஸ்டிக் தாளைத் துணியால் ஒருமுறை துடைத்தாலே அதில் நிலைமின், அதாவது உராய்வால் எழும் மின்னேற்றம், ஏறிவிடும். கிளிற்றரும் அலுமினியம் படிவித்த மெல்லிய பொலியெஸ்ரர் படலத்தை நுணுக்கமாக வெட்டியதே ஆகையால், தூவாத இடங்களிலெல்லாம் அது பாய்ந்து ஒட்டிக்கொள்ளும், தட்டினாலும் விழாது. கச்சான் நாட்களில் தூவும் வேலையை வெயில் ஏறுவதற்கு முன்பே, காற்றில் ஈரம் இருக்கும் விடியற்காலையில் முடித்துவிடுவது என் வழக்கம். தாளின் வெறும் பகுதிகளில் குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை மென்தூரிகையால் தடவிவிட்டு, வேலை முடிந்ததும் சற்றே ஈரமான துணியால் ஒற்றியெடுப்பதும் நல்ல பலன் தருகிறது.

மாரி இதற்கு நேர்மாறான தொல்லைகளைக் கொண்டுவரும். கார்த்திகையிலிருந்து தை வரை பெய்யும் மழையில் பிரிஸ்டல் போர்ட் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, பிளாஸ்டிக் தாளோ விரிவதில்லை. இரண்டையும் முழுப்பரப்பிலும் ஒட்டியிருந்தால் மடல் ஓலைச் சுருளாக வளைந்துவிடும். எனவே தாளை மட்டையோடு முழுவதும் ஒட்டாமல், மட்டையில் சாளரமாக வெட்டிய திறப்பைச் சுற்றி 5 மில்லிமீற்றர் அகலத்தில் ஒட்டுநாடாவால் மட்டும் பிடித்து, மட்டைக்கு விரிந்து சுருங்க இடம்விடுவதே முறை. நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் உரிய மடல்கள் கேட்கப்படுவது சரியாக இந்த மழைக் காலத்தில்தான் என்பதால், அவற்றின் ஒட்டு வேலைகளைப் புரட்டாசியிலேயே முடித்து, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொதிகளோடு தகரப் பெட்டியில் மூடிவைக்கிறேன். ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தினத்துக்கும் 6ஆம் திகதி ஆசிரியர் தினத்துக்கும் பாடசாலைப் பிள்ளைகள் செய்யும் மடல்கள் இவ்வகையில் அதிர்ஷ்டமுள்ளவை. அந்த வாரங்களில் கச்சானின் வறட்சியும் தணிந்திருக்கும், அடைமழையும் தொடங்கியிருக்காது.

குலுக்கினால் உள்ளே தூள் ஓடும் மடல்களைப் பலர் விரும்பிக் கேட்கிறார்கள். முன்னே ஒரு தெளிந்த தாள், பின்னே மட்டை, இரண்டுக்கும் இடையில் தடித்த பஞ்சு (ஃபோம்) ஒட்டுநாடாவால் கட்டிய வேலி, அதற்குள் தூள் என்பதே இதன் அமைப்பு. ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்கின் மெல்லிய கீற்றுகளை வேலியாக வைப்போரும் உண்டு. ஆனால் அதிலிருந்து உதிரும் மணிகள் தூளோடு கலந்துவிடுவதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வேலியின் உட்சுவரில் பசை வெளிப்பட்டிருக்கும் இடங்களைப் பவுடரால் தேய்த்துவிடாவிட்டால் தூள் முழுவதும் அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். இதற்கு 0.2 மில்லிமீற்றர் அளவுள்ள நுண்தூள் ஏற்றதன்று, நிலைமின்னால் அது முகப்பில் திரையாகப் படிந்துவிடுகிறது. 1 மில்லிமீற்றர் அளவுள்ள அறுகோணத் துண்டுகளே தம் பாரத்தால் இறங்கி ஓடும். மாறாக, தட்டையாக ஒட்டும் வேலைக்கு நுண்தூள்தான் அழகு.

என் மடல்களில் எனக்கு மிகவும் மனநிறைவு தருவது மட்டக்களப்பு வாவியின் மேலுள்ள கல்லடிப் பாலத்தைக் காட்டும் வடிவம். 2013ஆம் ஆண்டு புதிய பாலம் திறக்கப்பட்ட பின்பும், பழைய இரும்புப் பாலத்தின் குறுக்குச் சட்டங்களைக் கண்டவுடன் வெளிநாடுகளில் வாழும் நம்மவர் ஊரை இனங்கண்டுகொள்கிறார்கள். அந்தச் சட்டங்களைக் கறுப்பு மையால் பின்பக்கத்தில் வரைந்து, கீழே வாவிக்கு நீலமும் பச்சையும் கலந்த நுண்தூளை இட்டால், மடலைச் சற்றுச் சாய்க்கும்போதே நீர் அசைவதுபோல ஒளி நகரும். வேறெந்த வண்ணத்தாலும் இதைப் பெறமுடியாது. பெருநாள் வாழ்த்துகளுக்குக் காத்தான்குடியிலிருந்து கேட்பவர்களுக்குப் பிறையும் பள்ளிவாசல் வளைவுகளும் செய்து கொடுக்கிறேன். மருதமுனைக் கைத்தறித் துணியின் மிச்சக் கீற்றுகளைச் சாளரத்தின் ஓரத்துக்குக் கரையாக ஒட்டும்போது, பிளாஸ்டிக்கின் குளிர்ந்த மினுக்கத்துக்கு அருகில் நூலின் மங்கல் நிறம் வந்து மடலுக்கு ஒரு நிதானத்தைக் கொடுக்கிறது. இதை மனதார விரும்பிச் செய்கிறேன்.

ஆண்டுகள் கழிந்து எடுத்துப் பார்க்கும்போது எவை நிலைத்திருக்கின்றன? பெட்டிக்குள் இருந்த பொலியெஸ்ரர் முகப்புகளில் நிறமாற்றம் தெரியவில்லை. வெயில் படும் அலுமாரிக் கண்ணாடிக்குள் நிறுத்திவைத்தவற்றில் சிவப்பும் இளஞ்சிவப்பும் வெளிறிவிட்டன. வெள்ளியும் பொன்னும் ஓரளவு தாங்கியுள்ளன. முன்பக்கத்தில் நிரந்தர மையால் எழுதிய எழுத்துகள் கை பட்டு அழிந்திருக்கின்றன, பின்பக்கத்தில் எழுதியவை அழியவில்லை. முகப்பில் விழும் நுண்கீறல்களுக்கு மட்டும் எனக்கு முழுமையான தீர்வு கிடைக்கவில்லை. மடல்களுக்கிடையே மென்தாள் வைத்து அடுக்குவதால் அவை குறைகின்றன.

தூளைக் கையாளும் முறைபற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். கிளிற்றர் நுண்பிளாஸ்டிக். கை கழுவும் நீரோடு அதைப் போகவிட்டால் அது வடிகானில் இறங்கி, மழையில் வாவிக்குப் போய்ச் சேரும். இறாலும் மீனும் பிடித்து எத்தனையோ குடும்பங்கள் வாழும் நீர் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஒக்டோபரிலிருந்து உதிரியாக விற்கப்படும் பிளாஸ்டிக் கிளிற்றர் பலவற்றுக்குத் தடை விதித்ததற்கும் இத்தகைய கவலையே காரணம். நான் அகன்ற தாம்பாளத்தின் மேல் மடித்த தாளை விரித்து, அதன் மேலேயே தூவி, மிஞ்சியதை மடிப்பின் வழியாகப் போத்தலுக்குள் திரும்பக் கொட்டிவிடுகிறேன். கைகளையும் மேசையையும் கழுவுவதற்கு முன்பு ஒட்டுநாடாவால் ஒற்றியெடுத்துக் குப்பையில் சேர்க்கிறேன். தட்டையான வேலைகளுக்கு அப்பிரகத் தூளையும் இப்போது பயன்படுத்துகிறேன். அதன் ஒளி முத்தின் ஒளியைப் போல அடங்கியது, திருமண மடல்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது, பிளாஸ்டிக்கும் அன்று. சிறுபிள்ளைகளோடு செய்யும்போது அவர்கள் கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்வதும், வெட்டிய தாளின் கூரிய மூலைகளை வட்டமாக்கிவிடுவதும் அவசியம்.

தபாலில் அனுப்புவோர் முகப்பின் மேல் அதே அளவுள்ள தடித்த மட்டை ஒன்றை வைத்து உறையிட வேண்டும். முத்திரை குத்தும் அழுத்தம் குலுக்கு மடல்களின் வேலியை உடைத்துவிடக்கூடும். கனடாவுக்கும் இலண்டனுக்கும் அனுப்புபவற்றில் குலுக்கு வகையைத் தவிர்த்துத் தட்டையாக ஒட்டியவற்றையே கொடுக்கிறேன். அவை சாதாரண கடித உறைக்குள் அடங்கும், தடிப்பு மிகுதி என்று அஞ்சலகத்தில் பொதியாகக் கணக்கிடவும் இடமிருக்காது.