விடுபட்ட கட்டட உயரங்களை நிரப்பும் ஒரு தரவுத்தொகுப்பு: கூகுள் ஓபன் பில்டிங்ஸ் 2.5டி டெம்போரல்

தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்து பார்த்தால் கட்டடங்களின் சுற்றுவடிவம் கிடைக்கும். அவற்றின் உயரம் பெரும்பாலும் கிடைக்காது. உயரத்துக்கு ஒரு குறிச்சொல்லும் மாடிகளின் எண்ணிக்கைக்கு மற்றொன்றும் இருந்தும், பெரும்பாலான கட்டடங்களில் இரண்டும் நிரப்பப்படவில்லை. மாடி எண்ணிக்கை இருந்தால் மாடிக்கு 3 மீட்டர் என்று பெருக்கிக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் எல்லாக் கட்டடங்களுக்கும் ஒரே உயரம் வைப்பதுதான் வழக்கம். நிழலையோ இரைச்சல் பரவலையோ கணக்கிடுபவருக்கு அந்த விடை பயன்படாது.

இந்தக் குறையை நிரப்ப, 2024இல் வெளியான கூகுளின் தரவுத்தொகுப்பைப் பரிந்துரைக்கிறேன். ஆப்பிரிக்கா, தெற்காசியா, தென்கிழக்காசியா, லத்தீன் அமெரிக்கா, கரீபியன் பகுதிகளுக்கு 2016 முதல் 2023 வரை ஆண்டுவாரியாகக் கட்டட இருப்பையும் உயரத்தையும் இது தருகிறது. இதற்கு மூலம் யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள். அவற்றின் ஒரு பிக்சல் 10 மீட்டர். அதில் ஒரு சிறிய வீடு முழுவதும் அடங்கிவிடும். ஆனால் ஒரே இடத்தை வெவ்வேறு நாள்களில் எடுத்த படங்கள் ஒன்றுக்கொன்று சிறிது விலகியிருப்பதால், அவற்றில் 32 வரை சேர்த்துப் பார்க்கும்போது ஒரு படத்தில் தெரியாத நுணுக்கம் வெளிப்படுகிறது. உயர்தெளிவுப் படங்களில் தேர்ந்த ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியின் விடைகளைக் கொண்டு இன்னொரு மாதிரியைப் பயிற்றி, 4 மீட்டர் அளவிலான தெளிவை எட்டியிருப்பதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

உயரத்தில் சராசரிப் பிழை 1.5 மீட்டர், அதாவது ஒரு மாடிக்கும் குறைவு என்று உருவாக்கியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஒரு வட்டாரத்தின் மொத்தக் கட்டடக் கனஅளவுக்கு இது போதும். தனியொரு வீட்டுக்கு இதை நம்பக்கூடாது: சராசரி என்பதால் சில கட்டடங்களில் பிழை இதைவிட மிகுதியாக இருக்கும், மூன்று மீட்டர் உயர வீட்டில் 1.5 மீட்டர் என்பது சரிபாதி. மேலும் மதிப்புகள் 100 மீட்டருடன் நின்றுவிடுவதால், வானளாவிய கட்டடங்களுக்கு வேறு மூலம் தேட வேண்டும்.

பயன்படுத்துவோர் முதலில் கவனிக்க வேண்டியது, இங்கு உயரம் கட்டடவாரியாக இல்லாமல் பிக்சல்வாரியாக இருப்பதையே. சுற்றுவடிவத்துக்குள் விழும் பிக்சல்களின் சராசரியை எடுத்தால், ஓரத்தில் தரையோடு கலந்த பிக்சல்கள் விடையைத் தாழ்த்திவிடும். வடிவத்தை உள்நோக்கிச் சற்றுச் சுருக்கி, சராசரிக்குப் பதிலாக இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) எடுப்பது நல்லது. கையால் வரைந்த வடிவங்கள் சில மீட்டர் நகர்ந்திருப்பதும் உண்டு. அதைச் சரிசெய்யாமல் தொடங்கினால் தெருவின் உயரம் வீட்டின் மீது ஏறிவிடும். ஒட்டியொட்டி நிற்கும் குறுகிய வீடுகளில் இவ்வளவு செய்த பிறகும் அண்டை வீட்டின் உயரம் கலப்பதைத் தவிர்க்க முடியாது.

உரிமம் தாராளமானது: கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பிடல் 4.0, ஓபன்ஸ்ட்ரீட்மேப் பயன்படுத்தும் திறந்த தரவுத்தள உரிமமான ஓடிபிஎல் ஆகிய இரண்டில் எதையும் தேர்ந்துகொள்ளலாம். இருந்தும், இந்த மதிப்புகளை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் உயரக் குறிச்சொல்லில் மொத்தமாக ஏற்றுவதை நான் ஏற்கமாட்டேன். அளந்தவர் எழுதிய எண்ணும் மாதிரி ஊகித்த எண்ணும் ஒரே இடத்தில் கலந்துவிட்டால், பின்னால் வருபவரால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. ஊகங்களைத் தனி அடுக்காக, ஆண்டையும் மூலத்தையும் குறித்து வைத்திருந்தால், அளந்த எண் கிடைக்கும் நாளில் அதை எளிதாக மாற்றிவிடலாம்.